கும்பப்பூ விதைநெல்

“நான் சொல்லுகத கேளு யோவான். பேசாம மகள்கூட மஸ்கட்டுக்குப் பெய்யிரு.”

வந்ததும் வராததுமாக முத்துநாயகம் ஆரம்பித்துவிட்டார். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரிட்டயர்டு வாத்தியார் யோவான் அடுக்களையில் கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தார். மனைவி நேசபாய் போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதமாக அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். “மாமா, அப்பா தனியா கிடக்கு. ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க” என்று மகள் ஜெஸ்பின் போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் முத்துநாயகம் இங்கே ஆஜர்.

“நான் போனா ஒனக்கு யாருடே இருக்கா?”

“எனக்கென்ன, ஒத்தக்கட்டை. என்னைய விடு.”

“பூதப்பாண்டி ஊரு முழுக்க விதை ஊறப்போட்டாச்சு. ஒனக்க வயல்ல உழவுகூட முடிஞ்சு கிடக்கு. நீ என்னடான்னா இஞ்ச வந்து எனக்குப் புத்தி சொல்லிட்டு இருக்க!”

“ஆகட்டும், அதுக்கென்ன அவசரம்” என்று முத்துநாயகம் மழுப்பினார்.

விதை என்றதும் இரண்டு பேருக்கும் குமாரதாஸ் நினைவு வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே மூன்று பேரும் கூட்டு. போன வருஷம் இதே புரட்டாசியில், மாசியில் அறுவடையாகும் கும்பப்பூ சாகுபடிக்கென்று எடுத்து வைத்திருந்த விதைநெல்லை மூட்டையோடு கொண்டுவந்து முத்துநாயகத்திடம் கொடுத்தார் குமாரதாஸ். மூன்றாம் நாள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ஒனக்கு நல்ல மனசுடே’ன்னு சொல்லி, வாங்கி உள்ள வச்சேன்.” முத்துநாயகம் தலையில் அடித்துக்கொண்டார். “விதைநெல்லக் கொடுக்கவன் விதைக்கப் போறதில்லன்னு இந்த மரமண்டைக்கு ஏறல்லியே! அறுவது வருசம் வயக்காட்டுல கிடந்து என்ன பிரயோஜனம்? ‘ஏண்டே, என்னாச்சு’ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா...”

“எனக்கும்தான் தோணல்ல. அன்னைக்கு வழியில என்னையும் பாத்துச் சிரிச்சிட்டுதான் போனான், பாவி.”

பிறகு முத்துநாயகம் நண்பரின் முகத்தையே பார்த்தார்.

“அதனால நேராவே கேக்கேன், மறைக்காம சொல்லு. செத்துரலாம்னு நெனப்பு வருதா ஒனக்கு?”

யோவான் சாயாவை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “நேசபாய் போன புதுசுல வந்துது. சாயங்காலமானா இந்த வீட்டுக்குள்ள இருக்க முடியாது. ஆசுபத்திரிக்குப் பெய் டாக்டர்ட்ட மனசு விட்டுச் சொன்னேன். மாத்திரை தந்தாரு. வாராவாரம் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுனாரு. இப்பம் பரவாயில்லடே.”

“சத்தியமா?”

“ஆண்டவர் சாட்சியா.”

முத்துநாயகத்துக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நண்பரின் தோளில் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றார்.

“இது போதும் மக்கா. இனி ஒன்னப் பத்தி எனக்குக் கவலையில்ல. அப்பம் நான் வாறேன்.”

“நில்லுடே. ஒனக்க சாமானம் ஒண்ணு உள்ள கிடக்கு. வந்து பாரு.”

யோவான் அவர் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கட்டிலையொட்டி மூன்று சாக்கு மூட்டைகள் இருந்தன. வாயைக் கட்டியிருந்த நீலக் கயிறும் முடிச்சும் முத்துநாயகம் தன் கையால் போட்டவை. முளைக்க வேண்டிய நெல் வீணாகக் கூடாதே என்று, யோவானுக்குத் தெரியாமல், நேற்று முன்தினம்தான் தன் வயலுக்கு வைத்திருந்த அந்த விதைநெல்லை மூன்று வீடுகளில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

“மூணு வீட்டுலயும் பெய் திருப்பி வாங்கியாச்சு” என்றார் யோவான், பிடித்த கையை விடாமல். “இப்பம் நான் கேக்கேன். ஏண்டே, என்னாச்சு?”