வௌவாலின் கடைசிப் புள்ளி

விலை 391.40-ஐத் தொட்டதும் மைத்துனன் வாங்கிவிட்டான்.

அடுத்த நிமிடமே 390. பிறகு 388.

"விலை இறங்கினா தானா வித்துடுற மாதிரி ஸ்டாப் லாஸ் போட்டியாடா?" என்றேன்.

"அக்கா போட்ட கோட்டுக்கு ஸ்டாப் லாஸா? நீங்க வேற மாமா."

நின்றுகொண்டேதான் இருந்தான். அவளுடைய நாற்காலியில் உட்கார மாட்டான். மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்திருந்தான்.

திரையில் ஒரு சிமெண்ட் கம்பெனியின் பங்கு விலை. அதன்மேல் எக்ஸ், ஏ, பி, சி, டி என்று ஐந்து புள்ளிகள், அவற்றை இணைக்கும் நான்கு கோடுகள். ஏறி, பாதி இறங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி ஆழமாக இறங்கும் உருவம். வௌவால் என்று பெயர். அளவுகள் சரியாக இருந்தால் டி-யில் விலை திரும்ப வேண்டும். எக்ஸுக்கும் கீழே போய்விட்டால் வௌவால் செத்தது.

டி 391.40. எக்ஸ் 380.

என் மனைவிக்கு இதுதான் வேலை. வௌவால், நண்டு, சுறா, வண்ணத்துப்பூச்சி. தம்பியான இவன் அவளை 'மிருகக்காட்சிசாலை' என்று கூப்பிடுவான். அவள் வரைந்தவை வரிசையாகப் பலித்த பிறகு கேலியை நிறுத்திக்கொண்டான்.

அவள் போய் ஐந்து மாதம்.

பத்தாம் நாள் இந்த அறை வாசலில் நின்று, அக்கா கடைசியாக ஏதாவது வரைந்து வைத்திருக்கிறாளா என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் இந்த வௌவாலைக் காட்டினேன். அப்போது டி வெகு கீழே இருந்தது. விலை அவ்வளவு தூரம் இறங்கி வராது என்று நினைத்தேன்.

வந்துவிட்டது. கடை எடுக்கச் சேர்த்து வைத்திருந்ததை மொத்தமாகப் போட்டுவிட்டான். அவன் மனைவிக்குத் தெரியாது.

386.10.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஐந்து மாதத்தில் என் உடம்பில் நடந்த முதல் விஷயம் அதுதான்.

"வித்துடு. நஷ்டம் கொஞ்சம்தான்."

"எவ்ளோ கணக்குப் போட்டு வரைஞ்சிருப்பா. இப்ப வித்தா அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

சொல்லிவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

383.

"இங்க பாரு, இந்தக் கோட்டை உங்க அக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, பேசாதீங்க. ப்ளீஸ்."

381.

380.45.

எக்ஸுக்கு அரை ரூபாய்கூட மிச்சமில்லை. மைத்துனன் கண்களை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை.

எண் அங்கேயே நின்றது. 380.60 ஆனது. மறுபடி 380.45. பிறகு யாரோ பெரிய ஆள் வாங்கச் சந்தைக்குள் வந்திருக்க வேண்டும். 382. 385. 389. 391.40-ஐ அது தாண்டியபோது மைத்துனனின் நகம் என் தோளில் பதிந்திருந்தது.

396-இல் விற்கச் சொன்னேன். விற்றான்.

முதலில் சிரித்தான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பார்த்தீங்களா மாமா? செத்தும் சொல்லி அடிக்கிறா எங்கக்கா."

தலையாட்டினேன்.

"வேற எதுவும் வரைஞ்சு வெக்கலையா? ஒண்ணுகூடவா இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மூணு இருக்கு," என்றேன். "நாளைக்குக் காட்டுறேன்."

தன் மனைவியிடம் சொல்ல ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

நான் கதவைச் சாத்திவிட்டு, முதலாவதை வரையத் தொடங்கினேன்.