வெள்ளைக் கோட்டு

"உளவியலும் அறிவியல்தான் சார்" என்று மருத்துவமனை நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி வாங்கிய வெள்ளைக் கோட்டை உளவியலாளர் பிரமிளா அன்றுதான் அணிந்திருந்தாள்.

"ஸ்டெதாஸ்கோப் எப்ப மேடம்?" என்று சிரித்தாள் நர்ஸ்.

வாசலில் ஒரு பெண் ஓடிவந்து, சொட்டச் சொட்ட நனைந்த குழந்தையை பிரமிளாவின் கைகளில் திணித்தாள்.

"டாக்டரம்மா, தொட்டியில விழுந்துட்டான்!"

"சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினாள் பிரமிளா.

"அப்ப நீங்க?" என்றாள் அந்தப் பெண்.

பிரமிளா குழந்தையோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினாள். டாக்டர் குழந்தையின் மார்பை அழுத்தி அழுத்தி ஓய்ந்தார். "இனிமே அந்த அம்மாவை நீங்க பாத்துக்குங்க மேடம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ஈரமாகியிருந்த கோட்டைக் கழற்றிக் குழந்தைக்குப் போர்த்தினாள் பிரமிளா. தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பையன் பேரு என்னம்மா?"