ஆறு திரும்பும் ஊர்

“இந்த வீட்டை வாங்காதீங்கம்மா. விக்க வந்த நானே சொல்றேன், கேளுங்க.”

தரகர் எவேலியோ தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். நூபியா அதைக் காதில் வாங்காதவள்போல் பின்பக்க ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். கீழேயே மக்தலேனா ஆறு. பழுப்புத் தண்ணீர், நீளமான மணல்திட்டு, திட்டு முழுக்க வெள்ளம் அடித்து வந்த மரங்கள். காற்றோடு ஒரு நாற்றமும் உள்ளே வந்தது.

“ஐயோ, மூடுக்கா!” தங்கை ஒஃபேலியா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இதே ஆற்றின் கரையில் வெகுதூரம் மேலே இருக்கும் ஊர் ஒன்றில், பஸ் நிலைய வாசலில் சோள அடை சுட்டு விற்றுப் பிழைத்தவள் நூபியா. தலை நரைக்கும்வரை வாடகை அறைதான். ஒரு விளக்கு கூடுதலாக எரிந்தாலும் வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். இப்போதுதான் முதல்முறையாகச் சொந்த வீடு, அதுவும் தனியாளாக. துணைக்கு வர ஒஃபேலியா நகரத்திலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“காலையில பார்த்தோமே புவேர்த்தோ கிளாரோ ஊர்ல ஒரு வீடு, அதுக்கு என்னக்கா குறைச்சல்? சிமெண்டு ரோடு, கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி, வாசல்லயே மாமரம். விலையும் இதே விலைதான்.”

“நல்ல வீடுதான்.”

“அப்புறம் என்ன?”

“அங்க ஆறு நேரா ஓடுது.”

“ஆறு நேரா ஓடாம, குட்டிக்கரணமா போடும்?”

எவேலியோ சிரித்துவிட்டார். “அந்த ஊரோட விசேஷமே அதுதாம்மா. ஆத்துல எது வந்தாலும் நிக்காம கடலுக்குப் போயிரும். கரை துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். இந்த ரெமான்சோ ஊரு அப்படியில்லை. ஆறு இங்கதான் வளைஞ்சு திரும்புது. மேல இருக்கற அத்தனை ஊர்க்காரனும் எறியறது பூரா இந்தத் திட்டுலதான் வந்து ஒதுங்கும். மரம், உடைஞ்ச படகு, செத்த மாடு... போன மழையில ஒரு பிரிட்ஜ் வந்துச்சு. திறந்து பார்த்தா உள்ளே ஒரு ஆமை, ஜம்முனு உக்காந்திருக்கு!”

நூபியா சிரிக்கவில்லை.

“தண்ணி வத்தற காலத்துலயும் ஒதுங்குமா?”

“எந்தக் காலமா இருந்தாலும்.”

“இந்த ஜன்னல்லேருந்து திட்டு முழுசும் தெரியுது இல்ல?”

“பிரச்சினையே அதுதானேம்மா!”

அவள் ஜன்னல் கட்டையில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, “இதையே முடிச்சிருங்க” என்றாள்.

ஒஃபேலியாவுக்குப் பொறுக்கவில்லை.

“உனக்கென்ன பைத்தியமா? நடந்ததையெல்லாம் மறந்துட்டு நிம்மதியா இருக்கணும்னுதானே அந்த ஊரையே விட்டு வர்றே? இந்த நாத்தத்துல வந்து உக்காரவா? காய்ச்சல்னு படுத்தா ஒரு வாய் தண்ணி குடுக்க யாருக்கா இருக்கா இங்க?”

“நாத்தம் பழகிரும்.”

“எதுக்குப் பழகணும்? நல்ல வீடு ஒண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்கறப்போ எதுக்குப் பழகணும்?”

நூபியா தங்கையின் கன்னத்தைத் தொடப் போனாள். ஒஃபேலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னமோ பண்ணு. உன்கிட்ட பேசி ஜெயிக்க என்னால ஆகாது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்து நடந்தாள். தானே ஏதோ தப்பு செய்துவிட்டதைப்போல எவேலியோவும் தலைகுனிந்து பின்னால் போனார்.

நூபியா பின்வாசல் வழியாக ஆற்றுக்கு இறங்கினாள்.

திட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். புதிதாக ஒதுங்கிய கிளைகளை நீளமான கழியால் விலக்கிக்கொண்டிருந்தாள். விறகு பொறுக்க வந்தவளாகத் தெரியவில்லை. ஒரு குச்சியைக்கூட எடுக்கவில்லை. விலக்குவாள், குனிந்து பார்ப்பாள், அடுத்த குவியலுக்குப் போவாள்.

“வீடு பார்க்க வந்தீங்களா?” என்றாள், நிமிராமலேயே.

“ஆமா. இதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

“புவேர்த்தோ கிளாரோ வீட்டைக் காட்டியிருப்பாரே எவேலியோ?”

“காட்டினார்.”

“அருமையான ஊரு. எனக்கும் முதல்ல அங்கதான் காட்டினார்.”

அந்தப் பெண் நிமிர்ந்து நூபியாவின் முகத்தைப் பார்த்தாள். அதை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

“கொன்னு ஆத்துல போட்டது உங்க பையனையா, வீட்டுக்காரரையா?” என்று கேட்டாள்.

பழைய ஊரில் இத்தனை நாளாக ஒருவர்கூட நூபியாவிடம் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

“பையனை” என்றாள்.

“எனக்கும் பையன்தான். இன்னும் வரலை.” அந்தப் பெண் மணலில் கிடந்த இன்னொரு கழியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “வாங்க, நான் அந்தப் பக்கம் பாக்கறேன். நீங்க இந்தப் பக்கம் பாருங்க.”