கரையாத தூள்

டம்ளர் தண்ணீரில் கொட்டிய வெள்ளைத் தூள் கரையவே இல்லை. ஆடை படிந்தது போல மேலேயே மிதந்தது.

"பாத்தீங்களா? மாவு கலந்திருக்கா அவ," என்றான் தருமன்.

கம்பவுண்டர் பரசுராமன் ஸ்பூனால் கலக்கினார். தூள் சுற்றிச் சுற்றி வந்து மறுபடியும் மேலே நின்றது.

தருமனுக்கு வலிப்பு. எண்பதாம் வருஷத்திலிருந்து, இந்த நாலு வருஷமாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, இந்தத் தேரடித் தெரு டாக்டரிடம்தான் மருந்து வாங்குகிறான். வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் மனைவி ரேணுகாம்பாள். அப்படியும் மாசத்துக்கு நாலு தடவை விழுந்தான்.

மருந்தில் எதையோ கலக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அவன் நம்பவில்லை. சித்திரையில் கிணற்று மேட்டில் விழுந்து முன்பல் உடைந்த அன்றைக்கு நம்பினான். அவளை வேட்டவலத்துக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அவள் போன மறுவாரமே வலிப்பு நின்றுபோனது. மூன்று மாசமாக ஒருமுறைகூட இல்லை.

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து. அவள் விட்டுப்போன டப்பாவில் மிஞ்சியிருந்த கேப்சூல்களோடு வந்திருந்தான். கம்பவுண்டர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், தாலி உறவை அறுத்துவிடலாம்.

பரசுராமன் அலமாரியில் கைவைத்தார்.

"இருங்க, நானே எடுக்கறேன்," என்றான் தருமன்.

சீல் உடைக்காத சீசா ஒன்று, அதே பழைய மருந்து. தருமனே திறந்தான். அவனே ஒன்றைப் பிரித்து இரண்டாவது டம்ளரில் கொட்டினான்.

அதுவும் மிதந்தது.

மூன்றாவதாக, அவள் போனபின் இங்கே கொடுத்து, இப்போது அவன் சாப்பிடும் புதுக் கேப்சூல். உள்ளே கசகசா போலச் சிறு மணிகள். தண்ணீர் பட்டதும் நெகிழ்ந்து, லேசாகக் கலங்கி, இருந்த இடம் தெரியாமல் போயின.

"மருந்து ஒண்ணுதாம்பா. பழசு தண்ணியில கரையாது. பாதிக்கு மேல உடம்புல சேராம வெளிய போயிடும். இதுல கம்பெனிக்காரன் அதையே பொடியா நுணுக்கி, கரையற தோலுக்குள்ள பொதிஞ்சு வெச்சிருக்கான். ரத்தத்துல சேருது."

தருமன் மூன்று டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கேயோ ஏமாற்று இருக்கிறது. அவள் வீட்டார் இவரை வந்து பார்த்திருப்பார்களோ?

"மருந்தை எதுக்கு மாத்தினீங்க? நான் கேக்கலையே."

"உன் வீட்டம்மாதான் கேட்டுச்சு. நீ விழுந்த தேதியெல்லாம் காலண்டர் தாள்ல குறிச்சு எடுத்துக்கிட்டு வந்து, வேற மருந்து எழுதுங்கன்னு சாயந்திரம் வரைக்கும் டாக்டரை விடல."

"எப்ப?"

பரசுராமன் டம்ளர்களைக் கழுவ எடுத்தார்.

"சித்திரை கடைசியில. கையில துணி மூட்டை இருந்துச்சு. ஊருக்காம்மான்னு கேட்டேன். அனுப்பிட்டாங்கன்னு சொல்லுச்சு."