ரைட்டருக்கு வந்த சாமி

ரைட்டர் நல்லமுத்துவின் கை நடுங்கத் தொடங்கியதும் சின்னையன் உடுக்கையை வேகப்படுத்தினான்.

சாமி வந்துவிட்டது.

எஸ்டேட் கோயில் முன்னால் எலுமிச்சம்பழமும் கையுமாக நின்ற வரிசை கன்னத்தில் போட்டுக்கொண்டது. காணாமல் போன கறவை மாட்டுக்குக் குறி கேட்க வெள்ளையம்மாள் கிளியூரிலிருந்து வந்திருந்தாள்.

நாற்பது வயது தாண்டும் வரை நல்லமுத்துவை எந்தச் சாமியும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. காப்பிக்காட்டு ஆள்களுக்கு வருகைப் பதிவேட்டில் பேர் போட்டுக்கொண்டு, பனி இறங்கினால் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த மனுஷர். தை மாதம் சேலத்து டாக்டர் ஒருவர் இழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். பங்குனியில் சாமி வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ரைட்டருக்கே தோன்றவில்லை.

கையெழுத்து கோணியது. சாமி பேனாவைப் பிடிக்கிறது என்றார்கள்.

தூக்கம் போயிற்று. சாமி ராக்காவல் சுற்றுகிறது என்றார்கள்.

நெஞ்சு தடதடவென்று அடித்தது. அது சாமியின் குதிரை என்று அவர் மனைவி கிருஷ்ணம்மாளே நாகலூர் முழுக்கச் சொல்லி வைத்தாள். அவர் இருமினால் முகம் சுளிக்கும் மேனேஜர்கூட இப்போது அவரைக் கண்டால் சிகரெட்டை மறைத்தார்.

குறி சொல்ல மூச்சு வேண்டுமே. உட்காரும் முன் கோயிலுக்குப் பின்னால் போய் நாலைந்து முறை ஸ்பிரே அடித்துக்கொள்வார். மூச்சும் வரும், சாமியும் வரும்.

ஆனால் ராத்திரியில், குதிரை நிற்காமல் ஓடும்போது, அது எங்கேயாவது இடறி விழுந்துவிடுமோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். சாமியையே உடம்பில் வைத்துக்கொண்டு சாவுக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது? கிருஷ்ணம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று வரிசையில் முதலில் வந்தவள் எஸ்டேட் ஆஸ்பத்திரி சிஸ்டர் லூர்துசெல்வி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவளே நம் சாமியிடம் வந்துவிட்டாள் என்று கூட்டத்துக்கு உச்சி குளிர்ந்தது.

அவள் சாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாட்சைப் பார்த்தாள். பிறகு, அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பிரேயைப் பார்த்தாள். குனிந்து காதோரம் பேசினாள்.

“ரைட்டரய்யா, இது சாமி இல்லீங்க, இந்த ஸ்பிரே. அளவுக்கு மேல அடிச்சா கை நடுங்கும், நெஞ்சு அடிச்சுக்கும், தூக்கம் வராது. இத்தன தடவ அடிக்க வேண்டியிருக்குதுன்னா உங்க இழுப்பு நொம்ப முத்திப்போச்சுங்க. நாளைக்கே டாக்டரப் போய்ப் பாருங்க.”

உடுக்கைச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை.

ரைட்டருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த வரிசை, கிருஷ்ணம்மாளின் பெருமை, மேனேஜர் மறைத்த சிகரெட், எல்லாம் ஒரு மருந்து டப்பாவுக்குள்ளிருந்தா வந்தது? சாமியின் குரலில் ஓர் அதட்டுப் போட வாயைத் திறந்தார்.

நெஞ்சுக்குள் குதிரை ஓர் அடி தவறியது.

சாமி பேசப் போகிறது என்று சின்னையன் உடுக்கையை நிறுத்தினான். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது.

சாமி, சிஸ்டரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டது.

“ஏனுங்க சிஸ்டர், நான் பொழச்சுக்குவனுங்களா?”

சிஸ்டர் தலையை ஆட்டினாள். சொன்னபடி கேட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றாள்.

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. சாமியே குறி கேட்கிறது. சிஸ்டர் சொல்கிறாள்.

வெள்ளையம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. ரைட்டரைச் சுற்றிக்கொண்டு போய், எலுமிச்சம்பழத்தை லூர்துசெல்வியின் காலடியில் வைத்தாள்.