எண் பெட்டி

மூன்றாவது தடவையாகத் தம்பியை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள் அக்கா. அவன் கேட்டது சொத்தில் பங்கு இல்லை. தான் எழுதிய நிரலுக்கு ஒரு ‘சரி’, அவ்வளவுதான்.

ஸ்டுடியோக்களுக்குப் படம் திருத்தும் மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனி, இருவரும் சேர்ந்து நடத்துவது. இதுவரை ஒவ்வொரு படமாக வரிசையில் ஊர்ந்தது. தம்பியின் புது நிரல் வந்துவிட்டால், எத்தனை படங்களை ஒரே நேரத்தில் முடிக்கலாம் என்று வாடிக்கையாளரே ஒரு பெட்டியில் எண் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டியை மட்டும், பார்த்து ஆசைப்படட்டும் என்று, போன வாரமே ஒரு ஸ்டுடியோக்காரருக்கு அனுப்பியிருந்தான் தம்பி. அதில் போடும் எண்படி வேலை செய்கிற நிரல், அக்காவின் கண்ணைத் தாண்டி அவள் ‘சரி’யை அழுத்தினால்தான் அவருக்குப் போகும். அந்தக் கண்ணுக்குக் கொசுகூடத் தப்பாது.

“அதுல பூஜ்யம் போட்டா என்னடா ஆகும்?”

“யாருக்கா பூஜ்யம் போடுவாங்க?”

“ஏன், கணக்குல உனக்குப் போடலையா?”

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. வேகம் கூடாவிட்டால் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவேன் என்று ஸ்டுடியோக்காரர் வைத்த கெடு இன்றோடு முடிகிறது. இருக்கிற ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர்.

அந்த நேரம் பார்த்து அவரே போன் செய்தார். அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, பிரமாதம்பா. ஒண்ணுன்னு இருந்ததை எட்டாக்கினேன், பறக்குது. முன்னெல்லாம் டீ குடிச்சிட்டு வந்தாலும் ஓடிக்கிட்டே இருக்கும். இப்ப டீயை ஆத்தக்கூட நேரமில்ல. நான் எங்கயும் போகல, உங்ககிட்டயே இருக்கேன்.”

போனை வைத்ததும் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. குத்தம் குத்தம் என்று நோண்டிக்கொண்டிருந்தாயே, பயன்படுத்துகிறவர் வாயாலேயே கேட்டுக்கொண்டாயா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இனிமேலாவது பேசாமல் ‘சரி’யை அழுத்து என்று அதட்டலும் போட்டான்.

அக்கா திரையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டும் முடியவில்லை.

“நான் இன்னும் அழுத்தவே இல்லையேடா, அங்க எது பறக்குது?”