நாலு விரல் மணல்

சாகாமக் குளக்கட்டில், குளத்தடியில் இறக்கி எடுத்து நீளவாக்கில் பிளந்த குழாய்க்குள் குளத்தின் அடிச்சேறு கறுப்பாய் மின்னுகிறது. பழங்கால மழையையும் வறட்சியையும் அதில் தேடும் ஹிமாயா, நடுவே வெளுத்துக் கிடக்கும் மணலைக் காட்டுகிறாள். வெடித்த வயலிலிருந்து ஏறிவந்த அபூசாலி அதன்மேல் விரல்களை அடுக்கி அளக்கிறார். நாலு விரல். "இது எத்தின வருசம், மகள்?" "முப்பது வருசம் மழை பொய்ச்சிருக்கு, மாமா. ஊரே எழும்பிப் போயிருக்கும்." மணலுக்குக் கீழே கருகிய நெல்லுமி, மேலேயும் நெல்லுமி. "பொறகு திரும்பவும் வெள்ளாம செஞ்சிருக்காங்க," என்று அவள் ஆறுதலாய்ச் சொல்கிறாள். அவர் ஒரு விரலால் சேற்றைத் தொட்டு முகர்கிறார். "வந்தது போன ஆக்கள்தானா?" "அத மண் சொல்லாது, மாமா." அவர் குளக்கட்டின் கீழே பார்க்கிறார். மழையை நம்பி முந்தாநாள் அவர் ஊறப்போட்ட விதைநெல், சாக்கைத் துளைத்துக்கொண்டு முளைவிட்டிருக்கிறது.